மாப்பிள்ளை பக்கம் மங்கல்

போன கிழமையும் ஒருவர் தொலைபேசி எடுத்தார். ஸ்டுட்கார்ட்டில் இருந்து பேசினார். யாரோ என் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். வணக்கம் சொல்லி முடியவில்லை, கேள்வி வந்துவிட்டது. "ரைனார் நல்லதா, அசனார் நல்லதா?" நான் வழக்கம்போல இரண்டும் ஒன்றுதான் என்றேன். அவர் வழக்கம்போல சிரித்தார். அசனார் லென்ஸில் முகங்கள் கனிவாக வருமாம், ரைனாரில் வராதாம், இணையத்தில் பெரிய விவாதமே நடக்கிறதாம். இரண்டையும் ஒரே மரப்பெட்டியிலிருந்து என் கையால் எடுத்து அடுக்கியவன் நான் என்றேன். "அப்படியா, மிகவும் சுவாரசியம்" என்றவர், "ஆனாலும் எதை வாங்கலாம்?" என்று கேட்டார். தொலைபேசியை வைத்துவிட்டு மனைவியிடம் தண்ணீர் கேட்டேன்.

நான் வேலையில் இருந்த காலத்தில் இந்த லென்ஸ்களை யாரும் தேடி வந்ததில்லை. திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வராமல் போனவர்கள்தான் அதிகம். இப்போது வருகிற கமராக்களில் ஒரு வளையத்தை மாட்டினால் எந்தப் பழைய லென்ஸும் பொருந்திவிடுகிறதாம். ஓய்வு பெற்றபின் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்த என் தலையில் அந்த வளையம்தான் வந்து விழுந்தது. இதற்குள் எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு மலருக்கு வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். "பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஏதும் எழுதுங்கோ அண்ணை" என்றார் மலர்க்குழுவில் இருக்கும் தம்பி. பிரயோசனம் உண்டா என்று எனக்குத் தெரியாது. எரிச்சல் நிறைய இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயர் விவகாரம். ஜப்பானில் மலைப்பக்கமாக ஒரு சிறு நகரம், அங்கே அசமோரி என்று ஒரு தொழிற்சாலை. லென்ஸ் மட்டும்தான் செய்தார்கள், கமரா செய்யவில்லை. தங்கள் சொந்தப் பெயரில் விற்றது அசனார். ஜெர்மனியில் தபால் மூலம் பொருள் விற்கும் ஒரு பெரிய நிறுவனம், தன் விலைப்புத்தகத்துக்கென்று ரைனார் என்ற பெயரைக் கேட்டு வாங்கியது. கமராக் கடைகள் சில சேர்ந்து டெல்வார் என்று ஒன்று வைத்துக்கொண்டன. கண்ணாடி ஒன்று, குழாய் ஒன்று, உள்ளே இருக்கும் திருகாணிகூட ஒன்று. லென்ஸின் முன்பக்கம் திருகிப் பூட்டும் ஒரு மெல்லிய கறுப்பு வளையத்தில்தான் பெயர் இருக்கும். ரப்பர்க் குப்பி ஒன்றை அதில் அழுத்தித் திருப்பினால் கழன்று கையில் வந்துவிடும். ஆனால் அசனாருக்கு உள்ளே துணி வைத்த பெட்டி. ரைனாருக்கு மட்டை. டெல்வாருக்குத் தோல் மாதிரி ஒரு உறை, தோல் அல்ல. பெட்டி நல்லதாக இருந்தால் கண்ணாடியும் நல்லது என்று நம்புவதற்கு உலகம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், டுசல்டோர்ஃபில் அந்தத் தொழிற்சாலையின் கிளையில் நான் முதலில் பார்த்தது பொதி கட்டும் வேலை. ஊரில் கணக்குப் படித்தேன். இங்கே வந்து அகதி முகாம், பிறகு உணவகத்தில் சட்டி கழுவியது, பிறகு இந்த லாகர், அதாவது கிளையின் சரக்கறை. அங்கே வெயில் தெரியாது, குளிர் நன்றாகத் தெரியும். காலை முதல் மாலை வரை நின்றபடி மட்டைப் பெட்டிகளை மடித்து, ஒட்டி, அடுக்க வேண்டும். ஒரு நாள் மேல்மாடித் திருத்தகத்தில் ஒருவர் விலகிப் போக, திருத்தகத்தின் தலைவரான ஜப்பானியர் ஷிபாத்தா சான் கீழே இறங்கி வந்தார். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு திருகாணியையும் அதைத் திருகும் ஒரு முடுக்கியையும் பொதி மேசையில் வைத்து, ஒவ்வொருவராகப் பூட்டச் சொன்னார். மற்றவர்களுக்கு அது நிலத்தில் விழுந்தது. என் கையிலிருந்து விழவில்லை. அவ்வளவுதான் என் தகுதி. அடுத்த மாதம் எனக்கு மேலே, யன்னல் பக்கம், ஒரு மேசையும் உயரம் மாற்றக்கூடிய ஒரு நாற்காலியும் கிடைத்தன. இந்த நாட்டுக்கு வந்து முதல்முறையாக இருந்து செய்யும் வேலை.

ஷிபாத்தா சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், சாம்பல் நிற வேலைக் கோட்டு, மேல் பையில் எப்போதும் மூங்கிலில் சீவிய இரண்டு குச்சிகள். ஜெர்மன் மொழியை என்னைவிட மெதுவாகப் பேசுவார், பிழையில்லாமல் பேசுவார். பிழை என்று ஒன்றை வாயால் சொல்ல மாட்டார். நான் முடித்துக் கொடுத்த லென்ஸை இரண்டு மணி நேரம் கழித்து என் மேசையில் கொண்டுவந்து வைப்பார். மூடி மேலே பார்த்திருந்தால் சரி. கீழே பார்த்திருந்தால் பிழை. என்ன பிழை என்று கேட்டால், "பாருங்கள்" என்பார். அரை நாள் பார்த்துக் கண்டுபிடித்துக் கொண்டுபோனால், "ஆம், அதுவும் இருக்கிறது" என்று சொல்லி மறுபடி மூடியைக் கீழே பார்க்க வைப்பார். வாயில் கொழுக்கட்டையா என்று தமிழில் நான் முணுமுணுத்தது அவருக்கு விளங்கியிருந்தால் அன்றைக்கே லாகருக்கு இறக்கியிருப்பார்.

அவர் வாய் திறந்து தெளிவாகச் சொன்ன விதிகள் மூன்றுதான். திருத்தகத்துக்குள் லென்ஸ் மட்டுமே வரலாம், கமரா வரக்கூடாது, அது வேறு நிறுவனத்தின் பொருள். பெயர்கள் மூன்றும் ஒன்று என்று வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது. ஒரு வாடிக்கையாளர் ஒரே குறைக்காக மூன்றாம் முறை வந்தால், அந்த லென்ஸைத் திறந்தவர் அந்த மேசையில் இருக்கத் தகுந்தவர் இல்லை. இந்த மூன்றாவதை அவர் முதல் நாளே, என் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தபடி சொன்னார். பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படித்தான் போனாராம்.

வேலை இதுதான். தூரத்தில் இருப்பதையும் கிட்ட இருப்பதையும் தெளிவாக்க லென்ஸின் வளையத்தைத் திருப்புகிறோம் அல்லவா, அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் புரிக் குழாய்கள் இருக்கின்றன. போத்தல் மூடியில் இருப்பதுபோல ஒரே புரி அல்ல, பல புரிகள் பக்கம் பக்கமாக ஓடும். ஆகவே உள்ளே நுழைவதற்கும் பல வாய்கள். எந்த வாயால் விட்டாலும் நுழையும், வழுக்கிக்கொண்டு ஓடும், ஆனால் ஒரு வாய்தான் சரி. மற்ற எதில் விட்டாலும் தூரத்துக் கோபுரம் தெளியாது. அதனால் பழைய பசை இறுகிய லென்ஸைக் கழற்றும்போது அவசரப்பட்டு இழுக்கக்கூடாது. மூச்சைப் பிடித்து மெல்லத் திருப்ப வேண்டும். இரண்டு குழாயும் கைவிடும் கணம் விரலுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் நிறுத்தி, ஊசியால் இரண்டிலும் சேர்த்து ஒரு கோடு கீற வேண்டும். கோடு கீறாமல் கழற்றிவிட்டால் அன்றைய நாள் போச்சு. பிறகு பழைய பசையைத் துடைத்து, மெல்லிய துணியால் புரிக்குப் புரி ஒற்றி, புதுப்பசையைக் குச்சி நுனியால் மட்டாக இடுவோம். கூடினால் வெளிச்சம் புகும் துவாரத்தின் இதழ்களில் கசியும், குறைந்தால் வளையம் உறுமும். எல்லாம் பூட்டியபின் சோதனைக்கென்று இருந்த தொலைநோக்குக் குழாயில் மாட்டி, நடுவையும் நான்கு மூலைகளையும் பார்ப்போம். நான்கு மூலையும் ஒரேமாதிரித் தெளிந்தால்தான் லென்ஸ் நேராக இருக்கிறது என்று பொருள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மங்கும்.

அந்த மேசைக்கு நான் பழகி வந்த நேரத்தில்தான் வுப்பர்டாலில் இருந்து சிவம் வந்தார்.

சிவம் எங்கள் ஆட்களின் கல்யாணம், சாமத்திய வீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் படம் எடுப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் முன்கூட்டியே நேரம் குறித்து வருகிற டெர்மின் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. கீழே வரவேற்பில் ஃப்ராவ் குரூகர் என்ற அம்மா இருந்தார். அவரிடம் போய், "மேலை இருக்கிறவர் எங்கடை ஆள்" என்பதை ஜெர்மன் மொழியில் சொல்லியிருக்கிறார். ஃப்ராவ் குரூகர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் சகோதரர் வந்திருக்கிறார்" என்றார். எனக்குச் சகோதரன் இல்லை.

"அண்ணை, ஒரு சின்ன விசயம்" என்று சிவம் ஆரம்பித்தார். கையில் ரைனார், முப்பத்தைந்து மில்லிமீற்றர், கூட்டப் படம் எடுக்கிற லென்ஸ். "படத்திலை ஒரு பக்கம் மங்குது. நடுவிலை நிக்கிறவை எல்லாம் நல்ல தெளிவு. இந்தக் கரையிலை நிக்கிறவை மூஞ்சையே தெரியேல்லை."

"எத்தினை நாளா?"

"வருசம் பிறந்ததிலை இருந்து எண்டு நினைக்கிறன். மண்டபத்துக்குள்ளை இருட்டு தானே, வாயைப் பெருசாத் திறந்துதான் எடுக்கிறனான்."

வாய் என்று அவர் சொன்னது லென்ஸின் துவாரத்தை. அதைப் பெரிதாகத் திறந்தால் சாய்வு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். சரி, லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று நானும் நினைத்தேன். வாங்கி, கழற்றி, கோடு கீறி, துடைத்து, பூட்டி, குழாயில் மாட்டிப் பார்த்தால் நான்கு மூலையும் தெளிவு. கழற்ற முன் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் பசை புதிதாக்கி, அடித்தகட்டை இறுக்கி, கொடுத்தனுப்பினேன். ஷிபாத்தா சான் மூடியை மேலே பார்க்கவே வைத்திருந்தார்.

இரண்டாம் முறை வந்தபோது சிவம் படங்களையும் கொண்டுவந்தார். அப்போதுதான் எனக்கு விசயத்தின் கனம் தெரிந்தது. டோர்ட்முண்டில் நடந்த ஒரு பெரிய கல்யாணம். மேடையில் பொம்பிளை, மாப்பிள்ளை நடுவில். ஒரு பக்கம் பொம்பிளை வீட்டார், சேலைக் கரைகூட எண்ணலாம். மறு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், மழை நாளில் யன்னல் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி. ஒரு படத்தில் அல்ல, எல்லாக் கூட்டப் படத்திலும்.

"பொம்பிளையின்ரை தேப்பன்தான் எனக்கு ஓடர் தந்தவர்" என்றார் சிவம். "இப்ப மாப்பிள்ளையின்ரை தாய் தேப்பன் என்ன சொல்லீனம் தெரியுமே? தங்களை வேணுமெண்டே மங்கலா எடுக்கச் சொல்லிப் பொம்பிளை வீடு எனக்குச் சொன்னதாம். அல்பத்தை வாங்கமாட்டம் எண்டு நிக்கீனம். மாப்பிள்ளையின்ரை பெரியப்பா ஆக்களோடை ஆக்களா நிண்டு, 'எங்களை அழிச்சுப்போட்டியள்' எண்டு கத்தினவர் அண்ணை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிவத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அதோடு அவர் சொன்ன அடுத்த வசனத்தில் என் சிரிப்பும் நின்றது.

"எல்லாம் இந்த ரைனாராலை வாற வினை. புத்தகத்திலை பாத்து மலிவா வாங்கினனான். எனக்கு அசனார் ஒண்டு மாத்தித் தாங்கோ."

"ரெண்டும் ஒண்டுதான் சிவம்" என்றேன். விதி மீறலா என்றால், பெயர்கள் ஒன்று என்று சொல்லக்கூடாது என்பதை ஷிபாத்தா சான் ஜெர்மன் மொழியில்தான் சொல்லியிருந்தார். தமிழில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. "பொதி கட்டினது நான். உள்ளுக்கை ஒரு வித்தியாசமும் இல்லை. முன் வளையம் மட்டும்தான் வேறை."

"அப்ப அந்த வளையத்தை எண்டாலும் மாத்தித் தாங்கோவன்."

"லென்ஸின்ரை இலக்கமே அந்த வளையத்திலைதான் இருக்கு. மாத்த ஏலாது. மாத்தினாலும் ஒண்டும் நடக்காது."

"நீங்கள் மனம் வைச்சால் நடக்கும் அண்ணை."

இப்படிப்பட்டவர்களோடு என்ன கதைப்பது? மறுபடி முழுதாகக் கழற்றினேன். கண்ணாடிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவை பதிந்திருக்கும் இடத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நான்கு மூலையும் தெளிவு. ஷிபாத்தா சான் வந்து தானும் ஒருமுறை குழாயில் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, வாடிக்கையாளர் மனம் அமைதியாக வேண்டும் என்று சொல்லி, புது லென்ஸ் ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொன்னார். ரைனார் இருப்பில் இல்லை. அதனால் துணி வைத்த பெட்டியோடு ஒரு அசனார் போனது. சிவத்துக்கு முகமெல்லாம் பல்லு.

கோடை முடிகிற நேரம் ஃப்ராவ் குரூகர் தொலைபேசி எடுத்தார். "உங்கள் சகோதரர்" என்றார். அந்த அம்மா அதை வேண்டுமென்றே சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சிவம் இப்போது அழுகிற நிலையில் இல்லை, கோபத்தில் இருந்தார். அசனாரால் எடுத்த கல்யாணப் படங்களை மேசையில் பரப்பினார். மாப்பிள்ளை பக்கம் மங்கல். "பாத்தீங்களே" என்றார். "நீங்கள்தானே சொன்னனீங்கள், ரெண்டும் ஒண்டெண்டு. ஓம், ஒண்டுதான். ரெண்டும் ஒரே குப்பை. உங்கடை கொம்பனியே குப்பை. பெரியவருக்கு எழுத்திலை குடுக்கப்போறன்." கொடுத்துவிட்டும் போனார். உண்மையைச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பரிசு அது. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம், லென்ஸைப் பழுதாக்கி அனுப்புகிறவர் என்று என் பெயர் அடிபட்டது.

ஷிபாத்தா சான் என்னைக் கூப்பிட்டார். மூன்றாம் முறை என்றார். அடுத்த திங்கட்கிழமை முடிவு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. எதை நான் பிழையாகச் செய்தேன் என்று கேட்டேன். "பாருங்கள்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். கீழே லாகரில் என் பழைய இடத்தில் ஒட்டுநாடாவும் மட்டையும் எனக்காகக் காத்திருப்பது கண்ணுக்குள் நின்றது. குளிர் பெரிய விசயமில்லை. மேலே இருந்து கீழே இறங்கிப் போகும்போது மற்றவர்கள் பார்ப்பார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. சிவம் விட்டுப்போன இரண்டு கல்யாணத்தின் படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று ரைனார், ஒன்று அசனார். மங்கல் தொடங்குகிற இடம் இரண்டிலும் ஒன்று. மாப்பிள்ளையின் தோளிலிருந்து இரண்டாவது ஆள். கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் அதே மங்கல் கால்களில் விழுந்திருந்தது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. வெவ்வேறு நாளில் செய்த இரண்டு லென்ஸ் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருக்க முடியாது. சாய்ந்தது லென்ஸ் இல்லை. லென்ஸ் போய் உட்காருகிற இடம்.

ஆனால் அந்த இடம் கமராவில் இருக்கிறது. கமரா எங்கள் வாசல்படி தாண்டக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வுப்பர்டாலுக்கு நானே போனேன்.

சிவம் கதவைத் திறந்து, வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கமராவை ஒருக்கால் காட்டச் சொன்னேன்.

"கமராவிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை."

"அதை நான் பாத்துச் சொல்லுறன்."

"அது பூசையிலை வைச்ச கமரா" என்றார். பூசையில் வைத்த பொருளில் பிழை வராது என்பது அவர் வாதம். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடுங்கோவன் அப்பா, அவர் என்ன தின்னப்போறாரே" என்ற பிறகுதான் கமரா வெளியே வந்தது.

லென்ஸைக் கழற்றினேன். லென்ஸின் உலோக விளிம்பு வந்து பதிகிற வட்டமான தட்டு, கண்ணாடிபோல மட்டமாக இருக்க வேண்டிய இடம். அதன் ஒரு பக்கத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பொருக்கு, நடுவில் சிவப்பு. கமரா முழுவதும் பார்த்தேன். மேலே, பக்கத்தில், பின்னே, எங்கும் ஒரு பொட்டும் இல்லை. அங்கே மட்டும்.

"இது என்ன சிவம்?"

"சந்தனம். போன ஆயுத பூசைக்கு வைச்சது. அதுக்கு மேலை குங்குமம்."

"ஏன் இஞ்சை வைச்சனீர்?"

நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. "வாசல்லைதானே அண்ணை வைக்கிறது" என்றார். "படம் உள்ளுக்கை வாற வாசல் இதுதானே. வெளியிலை வைச்சால் கை பட்டு அழிஞ்சுபோம்."

மனிதர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். வருடம் முழுக்க லென்ஸைப் பூட்டிக் கழற்ற, அந்தச் சந்தனம் அமத்துப்பட்டு சீமெந்து மாதிரி இறுகியிருந்தது. அதன் மேல் ஏறிக் குந்திய எந்த லென்ஸும் ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கும், பெயர் என்னவாக இருந்தாலும். ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தோடு கதைக்காமல் பண்ணியது, என்னை லாகருக்கு அனுப்ப நின்றது, எல்லாம் இந்தப் பொட்டு.

சுரண்டவில்லை. அப்படியே துவாயில் சுற்றி வாங்கிக்கொண்டேன். வரும் சனிக்கிழமை கல்யாணம் இருக்கிறது என்று சிவம் தவித்தார். திங்கள் பின்னேரம் தருகிறேன் என்றேன். "சந்தனத்தாலை எண்டு வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ" என்று படி வரைக்கும் வந்து சொன்னார். என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்ன மனிதர்.

திங்கட்கிழமை ஃப்ராவ் குரூகர் துவாயைப் பார்த்தவுடனேயே, "லென்ஸ் மட்டும்" என்றார். நானும் கண்டபடி கதைத்துவிட்டேன். என் ஜெர்மனில் இலக்கணம் எல்லாம் பறந்தது. சத்தம் கேட்டு ஷிபாத்தா சானே மாடிப்படியில் இறங்கி வந்தார். துவாயை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் விதியைத் தானே தூக்கிக்கொண்டு, கமராவை இரண்டு கையாலும் பிடித்து மேலே போனார்.

தன் மேசையில் வைத்து, மட்டமான கண்ணாடித் தகடு ஒன்றை அந்தத் தட்டின் மேல் வைத்தார். தகடு ஒரு பக்கம் தூக்கி நின்றது. விரலால் தொட்டார், ஆடியது. விளக்கைப் பின்னால் பிடித்தார், கீழால் வெளிச்சம் தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பொருக்கைப் பார்த்தார்.

"இது என்ன?"

"சந்தனக் கட்டையை அரைத்த பசை."

"எதற்கு?"

சொன்னேன். வருடத்தில் ஒரு நாள் தொழில் செய்யும் கருவிகளை எல்லாம் கழுவி வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்றைக்கு அவற்றுக்கு வேலை கொடுக்காமல் கும்பிடுவோம் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரின் கதையையும் சொன்னேன். இனி ஒளித்து என்ன? அவர் எல்லாவற்றையும் தலையசைக்காமல் கேட்டார்.

"எங்கள் தொழிற்சாலையிலும் புது வருடத்துக்கு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இடித்த சோற்று உருண்டை படைப்போம்" என்றார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தபடி, "மேலே வைப்போம். உள்ளே வைப்பதில்லை" என்றார்.

பையிலிருந்து மூங்கில் குச்சியை எடுத்து, நுனியை ஈரமாக்கி, தானே அந்தப் பொருக்கைக் கரைத்து எடுத்தார். உலோகத்தில் ஒரு கீறல் விழவில்லை. தகடு இப்போது ஆடாமல் நின்றது. சிவத்தின் புகார்த் தாளில் லென்ஸில் குறை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் நாற்காலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானாகவே என் மேசைக்குப் போய் இருந்தேன். ஒருவரும் எழும்பச் சொல்லவில்லை. வேலை தப்பியது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. இப்படியும் ஒரு மனிதரா என்று எரிச்சலாகவும் வந்தது, கண் கலங்கவும் செய்தது.

அரை மணி கழித்து அவர் என்னிடம் வந்தார். "உங்கள் கருவிகளுக்கு நீங்கள் இதைச் செய்வதில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

கருவிகள் கொம்பனியுடையவை என்று சொல்லப்போனேன். சொல்லவில்லை. எப்போது இறக்குவார்களோ என்று இருக்கிற ஒருவனுக்கு எது தன் கருவி? அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

சிவத்தின் கதை அதோடு முடிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். சனிக்கிழமைக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் தெளிவாக வந்தது. "பாத்தீங்களே, அசனார் எண்டால் அசனார்தான். பழகத்தான் கொஞ்ச நாள் எடுத்தது" என்று அவர் எல்லோருக்கும் சொன்னார். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்தடுத்த கிழமைகளில் எஸ்ஸன், டோர்ட்முண்ட், கிரேஃபெல்ட் என்று சுற்றிவர இருந்த எங்கள் படக்காரர் எல்லோரும் ரைனாரைத் தூக்கிக்கொண்டு அசனார் கேட்டு வந்தார்கள். "உங்கள் சகோதரர்கள்" என்றார் ஃப்ராவ் குரூகர். டோர்ட்முண்ட் சம்பந்திகளிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டுவிட்டு, "சந்தனம் எண்டாலும் எங்கடை பக்கம் பாத்துத்தானே வைச்சிருக்கு" என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய?

அந்த வருடம் ஆயுத பூசை வாரநாளில் வந்தது. முதல் நாள் பின்னேரம் நான் கோட்டைப் போட்டுக்கொண்டிருக்க, ஷிபாத்தா சான் என் கருவிகளைத் துணியில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். கருவிகள் கட்டடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்பதும் ஒரு விதிதான். "நாளை விடுமுறை எடுங்கள். மறுநாள் காலை இவை இங்கே இருக்க வேண்டும்" என்றார்.

வீட்டில் சுருளை விரித்தபோது என் மனைவி முடுக்கிகளையும் ஊசிகளையும் சாவணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தா. நான் என்ன வேலை செய்கிறேன் என்பது அவவுக்கு அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, எங்கை வைக்கிறது?"

"பிடியிலை வையும். நுனியிலை வைச்சுப்போடாதையும். மேலை, பிடியிலை மட்டும்."

"ஓம், ஓம், எனக்குத் தெரியும்" என்றா.

மறுநாள் காலை திருத்தகத்தில் சுருளை அவிழ்த்தால், எல்லா நுனியிலும் சந்தனம். பிடியில் ஒன்றுமில்லை. பிடியைக் கையால் பிடிக்கும்போது அழிந்துபோகும் என்று அவ நினைத்திருக்கிறா. இரவோடிரவாக நன்றாகக் காய்ந்தும் இருந்தது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டிருக்க, ஷிபாத்தா சான் பின்னால் வந்து நின்றார். முடுக்கி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரித்தாரா என்று நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

பையிலிருந்த மூங்கில் குச்சிகளில் ஒன்றை என் மேசையில் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மற்றக் குச்சியால் தானும் ஒரு நுனியைத் துடைக்கத் தொடங்கினார்.